பீரோ பெயிண்ட்

“மதினி, ஒரு நிமிசம்.”

சேலை மறைப்புக்கு வெளியே நின்று பேச்சிமுத்து கூப்பிட்டபோது முத்துச்செல்வியின் கை முழுக்கச் சீயக்காய். கொல்லையில் கொய்யா மரத்தையும் துணிக்கொடியையும் ஒட்டி நாலு பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் பெஞ்சின் மேல் ராமக்காள் கிடந்தாள். சொந்தபந்தமெல்லாம் ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துவிட்டுப் போயாகிவிட்டது. இனிக் குளிப்பாட்ட வேண்டியதுதான். ஓரகத்தி என்ற முறையில் அது முத்துச்செல்வியின் வேலை. மூத்த மருமகள் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், பொங்கல் பானையை ஏற்றவும் அவள்தான், பிணத்தைக் குளிப்பாட்டவும் அவள்தான்.

அவள் மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொழுந்தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். இரண்டு நாளாக யாரும் அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லுகிறவள்தான் உள்ளே கிடக்கிறாளே.

“என்ன தம்பி?”

“அவ கால்ல இருக்கறத மட்டும் அழிச்சிராதீங்க மதினி. ஞாயித்துக்கெழமதான் போட்டுவிட்டேன்.”

“நான் எதுக்குப்பா அழிக்கப் போறேன்?”

“இல்ல, ஊர்ச்சனம் ஏதாச்சும் சொல்லுவாக. அதான்.”

“ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டாக. நீ போயி உக்காரு.”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். முத்துச்செல்வி மறுபடி உள்ளே வந்து, ராமக்காளின் கால்மாட்டில் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தாள். இருந்தது. பத்து விரல் நகத்திலும் பெயிண்ட் இருந்தது. ஒன்று மயில்நீலம், ஒன்று பாக்கு நிறம், ஒன்று பச்சை. சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு பெருவிரலிலும் ரோஸ்.

கப்பலூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பீரோ செய்கிற கம்பெனி ஒன்றில் பேச்சிமுத்துவுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அந்த வாரம் எந்தெந்த பீரோ வெளியே போகிறதோ அதிலிருந்து மிச்சத்தை ஒரு சொட்டு, மருந்துக்குப்பியில் பிடித்துக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் வாசற்படியில் பெண்டாட்டி காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். “இது திருமங்கலத்துக் கல்யாண பீரோ. பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்று ஒரு விரல். “இது வாத்தியார் வீட்டு பீரோ, பணம் குடுக்காம இழுத்தடிக்காரு, சுண்டுவெரல் போதும்” என்று இன்னொன்று. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ராமக்காளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள் என்று முத்துச்செல்வி தன் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள். சாத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரே மாமனார் இடத்தை அண்ணன் தம்பி பிரித்துக் கட்டியது. அண்ணன் முத்துக்குமரன் அரசாங்க உத்தியோகம், அதனால் அவருக்கு மாடி, கிரானைட், கேட்டில் எவர்சில்வர் கம்பி. தம்பிக்கு இரண்டு அறையும் மேலே தகரமும். ஆனால் சிரிப்புச் சத்தம் மட்டும் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அடுப்படி ஓட்டை வழியாக எல்லாம் கேட்கும். அங்கே ஃபேனுக்கு சித்தப்பா என்று பெயர். முனகிக்கொண்டேதான் எழுந்திருக்கும், எழுந்துவிட்டால் நிற்காதாம். புருசன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம் வந்தால் பல்லிதான் நாட்டாமை. யார் பேசும்போது பல்லி கத்துகிறதோ அவர் கட்சி ஜெயித்தது. ஒருநாள் முழுக்கப் பல்லி வாயைத் திறக்காமல், கருவாட்டுக் குழம்பா ரசமா என்று முடிவாகாமல், இரண்டு பேரும் பொரிகடலையைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு.

பிள்ளை இல்லாத வீட்டில் அப்படி என்னதான் சிரிப்போ. முத்துச்செல்விக்கு இரண்டு பிள்ளைகள், துணி துவைக்க மெஷின், தேக்கு பீரோ, எல்லாம் இருந்தன. அவள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிவி பேசும். முத்துக்குமரன் “ம்” என்பார். உப்பு கூடினாலும் “ம்”, குறைந்தாலும் “ம்”.

ஒரே ஒரு தடவை அவளும் முயற்சி செய்து பார்த்தாள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோது புதுமண்டபம் பக்கம் ஒரு கடையில் நல்ல சிவப்பாக ஒரு நெயில் பாலிஷ் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே போட்டுக்கொண்டு, சாயங்காலம் முழுக்க அவர் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். “காலை மடக்கு, வழியில கெடக்கு” என்றார். அன்றைக்கு ராத்திரி கத்தியால் சுரண்டியே எடுத்தாள்.

“இது என்னடி கூத்து, காலுல பஞ்சவர்ணக்கிளி ஒக்காந்திருக்கு?”

ராமக்காளின் சின்னம்மா முனியாயி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். சாவுச் சடங்கெல்லாம் அத்துப்படி.

“எல்லாம் ஒங்க மருமகன் வேலைதான். வாரா வாரம் போட்டுவிடுவாரு” என்றாள் முத்துச்செல்வி.

“அவனா? பொண்டாட்டி கால அவனே புடிச்சா?”

“ஆமா.”

முனியாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கொடுத்து வச்சவடி. பூவும் பொட்டுமாப் போறா. இப்புடி ஒருத்தன் கையால கால்ல கலரும் பூசிக்கிட்டுப் போறா. நமக்கெல்லாம் எங்க?”

நமக்கெல்லாம் என்று அவள் சேர்த்துக்கொண்டதுதான் முத்துச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்லி அழுதார்கள். கொடுத்து வச்சவ. துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிருச்சு, படுக்கையில கெடக்கல, கொடுத்து வச்சவ. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்று யாரோ இழுத்தபோது முத்துக்குமரன் “எம்மகன் இருக்கான்ல” என்று எழுந்துவிட்டார். தீபாவளிக்கு லீவு கிடைக்காத அந்த மகன் அருண்பாண்டி சென்னையிலிருந்து விடிவதற்குள் வந்து இறங்கினான். சித்தி சித்தி என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பெற்றவள் நிற்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. சாவதிலும் ராமக்காள்தான் முந்திக்கொண்டாள், மகன் கைக் கொள்ளியையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

குளிப்பாட்டி முடித்து மஞ்சள் பூசும் நேரத்தில் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டது. ராமக்காளின் அண்ணன் தட்டில் சேலையோடு நிற்கிறார். கோடியை எதிர்கொண்டு அழைத்துவரப் பெண்கள் போக வேண்டும்.

“நான் போயி சேலைய வாங்கியாரேன். நீ கால்ல மஞ்சத் தேச்சு முடி” என்று முனியாயி கிளம்பினாள். சேலை பிடித்த பெண்களில் இரண்டு பேர் கொடியிலேயே சேலையை முடிந்துவிட்டு அவள் பின்னால் ஓடினார்கள். மிச்ச இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

முத்துச்செல்வி மட்டும் இருந்தாள்.

துவைகல்லுக்கு அடியில் அந்த பாட்டில் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் பேச்சிமுத்து கை கழுவுகிற தின்னர். பக்கத்திலேயே அவனுடைய கந்தல் துணி. அவள் அதைத் தேடவில்லை, தெரிந்தே இருந்தது. நாலு பேர் வந்து காலைத் தொட்டுக் குங்குமம் எடுக்கிற நேரத்தில் இந்தக் கோமாளித்தனம் தெரிய வேண்டுமா, குடும்ப மானம் என்று ஒன்று இல்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணியை நனைத்தாள்.

மயில்நீலம் ஒரே இழுப்பில் வந்தது. பச்சை கொஞ்சம் அடம்பிடித்தது. ரோஸை எடுக்கப் பெருவிரல் முடிச்சை லேசாகத் தளர்த்த வேண்டியிருந்தது. கொட்டுச் சத்தம் கிட்டே வருவதற்குள் பத்து விரலும் வெளுத்துவிட்டன. இப்போது அது எல்லாப் பெண்களுடைய காலையும் போல ஒரு கால். ஓரத்தில் பித்தவெடிப்பு, நகத்தில் மஞ்சள் கறை. உண்மையைச் சொன்னால், முத்துச்செல்விக்கு மனசு குளிர்ந்தது. அப்புறம் மஞ்சளை அள்ளிக் கால் முழுக்க அப்பினாள். துணியைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள்.

கோடிச் சேலையோடு வந்த முனியாயி காலைப் பார்த்தாள். முத்துச்செல்வியைப் பார்த்தாள். சேலையை உதறி விரித்தாள்.

வாசலில் பந்தலுக்கு அடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். ஊதுவத்தி புகைந்தது, ரோஜா மாலை குவிந்து கிடந்தது, பன்னீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வாசத்தில் தின்னர் வாடை தெரியாது என்று முத்துச்செல்வி கால்மாட்டிலேயே நின்றாள்.

“பேச்சி, வாடா. பூ வச்சுவிடு. நேரமாச்சு” என்றார் முத்துக்குமரன்.

பேச்சிமுத்து வந்தான். பெண்டாட்டி தலையில் மல்லிகைச் சரத்தை வைத்தான், வகிட்டில் குங்குமம் வைத்தான். எல்லாம் சொன்னபடி செய்தான். பிறகு கும்பிடுவதற்காகக் கால்மாட்டுக்கு வந்து குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை. அவன் மூக்கு ஒருமுறை சுளித்தது. இருபத்தைந்து வருசமாக அந்த வாசத்திலேயே சோறு தின்ற மூக்கு. ஊரில் இருக்கிற எல்லாரையும் ஏமாற்றியிருக்கலாம், இவனிடமா? முத்துச்செல்விக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இருந்தது. அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் விரலால் மஞ்சளைக் கொஞ்சம் ஒதுக்கி நகத்தைப் பார்த்தான். இன்னொரு நகத்தைப் பார்த்தான். எழுந்து யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனான்.

“விடுங்கப்பா, கொஞ்சம் அழுதுட்டு வரட்டும்” என்றார் ராமக்காளின் அண்ணன்.

அவன் அழுதுவிட்டு வரவில்லை. ஒரு கையில் மருந்துக்குப்பிகளும் இன்னொரு கையில் ஒரு சின்ன பிரஷ்ஷுமாக வந்தான். கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டி நுனியால் ஒவ்வொரு நகமாக மஞ்சளைத் துடைத்தான். கூட்டத்தில் பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. உடனே அடங்கியது.

“டேய், என்னடா பண்ற? சனம் அம்புட்டும் நிக்கிது” என்றார் முத்துக்குமரன்.

“இந்தா முடிஞ்சிரும்ணே.”

ரோஸைத் திறந்தான். பெருவிரலில் பிரஷ்ஷை வைத்ததும் அது வழுக்கிச் சதையில் இழுத்துக்கொண்டு போனது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் கோணலாகப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். அப்போதும் நிற்கவில்லை.

“மதினி” என்றான், தலையைத் தூக்காமல். “காலு ஆடாமக் கொஞ்சம் புடிங்க.”

கால் ஆடவே இல்லை. அது எப்படி ஆடும்? ஆடியது அவன் கை. கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது. முத்துச்செல்வி உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து ராமக்காளின் பாதத்தைப் பிடித்தாள். ஐஸ் பெட்டியில் இருந்த குளிர்ச்சி இன்னும் போகவில்லை. அவன் தன் கையை அவள் கையின் மேல் ஊன்றிக்கொண்டான். அப்படி ஊன்றியதும் நடுக்கம் கொஞ்சம் நின்றது.

கிட்டே குனிந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“கைய சோப்புப் போட்டு நல்லாக் கழுவிருங்க மதினி. தின்னர் எரியும்.”

வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை அவன். கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மானம் மரியாதை என்று ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் அதற்கு இடமே கொடுக்கவில்லை. செத்தவளுக்கு நகத்தில் கலர் பூசுகிற நேரத்தில் உயிரோடு இருக்கிறவளின் கை எரியுமே என்று ஒருத்தனுக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்டவனோடு இருபத்தைந்து வருசம். பாவி, எப்படி வாழ்ந்திருக்கிறாள். இந்த நிமிசத்திலும் முத்துச்செல்விக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அழுகை வந்ததும் அதனால்தான்.

“இது சோழவந்தானுக்குப் போச்சு” என்று முணுமுணுத்தான், பச்சையை எடுத்தபோது. “கொடிக்கால்காரரு. வெத்தல நெறமா வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. முத்துச்செல்வி அடுத்த விரலை விலக்கிப் பிடித்துக் கொடுத்தாள்.

கடைசி நகம் முடிந்ததும் பாடை தூக்குகிறவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை வாயருகே கொண்டுபோனார்.

“இருங்க, இருங்க” என்றான் பேச்சிமுத்து. “ஈரமா இருக்கு. துணி பட்டா ஒட்டிரும். காயட்டும்.”

சங்கு இறங்கியது. தூக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் குனிந்து வலது காலின் மேல் ஊதினான். இரண்டு மூச்சு சரியாக வந்தது. மூன்றாவது மூச்சு பாதியில் நின்றுவிட்டது. அவன் வாயைக் குவித்தபடியே இருந்தான், காற்று வரவில்லை.

முத்துக்குமரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

முத்துச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குனிந்து, ஓரகத்தியின் விரல்களுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக ஊத ஆரம்பித்தாள்.