தியோடர் சொன்ன காரணம்

எழுபத்தேழாம் வருஷத் தேர்தலில் தியோடர் காங்கிரஸுக்கு ஓட்டுப் போட்டார். போட்டதோடு நிற்காமல், கேட்டவரிடம் அதைச் சொல்லவும் செய்தார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவருடைய மனைவி ஜெயசுந்தரி பிறகு பல தடவை சொன்னாள். அது உண்மைதான்.

கேட்டவர் உலகநாதன். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே இரானி ஓட்டலில் உட்கார்ந்து, விரல் மையை ஊதிக்கொண்டே, "அப்புறம், உழவனுக்கு ரெண்டு ஓட்டு ஆச்சு. உன் வீட்டுலேர்ந்து இன்னொண்ணு, என் வீட்டுலேர்ந்து இன்னொண்ணு. நாலு" என்று எண்ணினார். ஜனதா கட்சிக்கு அந்தத் தடவை ஏர் உழவன் சின்னம். உலகநாதன் ஒரு மாதமாக அந்தப் படத்தை செகந்திராபாத் லாலாகுடா சந்துகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்.

"என்னைச் சேர்க்காதே" என்றார் தியோடர். "நான் பசுவும் கன்னுக்கும் போட்டேன். காங்கிரஸுக்கு."

உலகநாதன் சிரித்தார். பிறகு தியோடர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. இருவரும் ரயில் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் பதினாறு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவர்கள். எழுபத்துநாலு மே மாதம் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது ஒன்றாக வெளியே வந்தார்கள், ஒன்றாக வேனில் ஏற்றப்பட்டார்கள், சிறையில் ஒரே கொட்டடியில் இருபத்திரண்டு நாள் இருந்தார்கள். வெளியே வந்தபோது இருவருக்கும் வேலை இல்லை. விசாரணை, விளக்கம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு வரி ஆர்டர். அப்போது டில்லியில் இருந்தது காங்கிரஸ் சர்க்கார்தான். இப்போது ஜனதாக்காரர்கள், நாங்கள் வந்தால் வேலைநிறுத்தத்தில் போனவர்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"கைக்குப்பா?" என்றார் உலகநாதன். வேலூர்ப் பக்கத்துக்காரர். ஏன் என்று கேட்க மட்டும் அவருக்கு எப்போதும் ஊர்க்காரர்களின் தக்கினி உருதுதான் வரும். "எதுக்காக?"

தியோடர் காரணத்தைச் சொன்னார்.

வேலை போன பிறகு அவர் மாரெட்பள்ளியில் ரகுநாதன் என்பவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். சின்ன வயசில் கற்றுக்கொண்ட டைப்பிங் கைகொடுத்தது. அங்கே காலையில் கூட்டிப் பெருக்க வருபவள் தாயம்மாள். நாலா என்ற பெரிய சாக்கடைக் கால்வாயின் கரையோரம் இருந்த குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். மழைக்காலத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவள் பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறியாக வேண்டும். அவசர நிலை வந்த வருஷம், வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தாயம்மாள் மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். தியோடர் அடித்துக் கொடுத்தார். அவளைப் பார்த்து அந்தக் கரையிலிருந்து நாற்பது குடும்பம் வந்தது. அவர்களுக்கும் அடித்துக் கொடுத்தார். அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. தன் வேலைக்காக அவரே அதுவரை பதினோரு மனு போட்டிருந்தார், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஆனால் மனை வந்தது. போவன்பள்ளி தாண்டி ஒரு மேட்டில் கல் நட்டு அளந்து கொடுத்தார்கள். எல்லாருக்கும் இல்லை, பாதிப்பேருக்கு. தாயம்மாள் கூப்பிட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சைக்கிளில் போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லாத கட்டாந்தரை. சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. தாயம்மாள் அந்தக் கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் நின்றாள்.

"அதைப் பார்த்தேன்" என்றார் தியோடர். "எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதுக்கு வேணும்னா உழவனுக்குத்தான் குத்தணும். ஆனா என் வேலைக்காகக் குத்தினா அது இன்னொரு மனு மாதிரி இருக்கும்னு தோணிச்சு. பன்னிரண்டாவது மனு. எனக்கு அது வேண்டாம்னு பட்டுது."

உலகநாதன் ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் ஜெயசுந்தரி கோபப்படவில்லை. அவள் கான்வென்டில் டீச்சர். மூன்று வருஷமாக வீடு நடந்தது அவளால்தான். "நான் உழவனுக்குத்தான் போட்டேன். நீங்களும் போடுவீங்கன்னு நினைச்சுத்தான் கேக்கலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொல்லுத காரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை உலகநாதன் அண்ணன்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

செய்தி சீக்கிரமே பரவியது. இன்ஸ்டிட்யூட்டில் ரகுநாதன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பலே. பாதிக்கப்பட்ட நீங்களே புரிஞ்சுண்டிருக்கேள். இந்த ரெண்டு வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு நாற்காலில இருந்தா. கொஞ்சம் பயம் வேணும் ஓய் இந்த ஜனங்களுக்கு."

"நான் அதுக்காகப் போடலை சார்."

"எதுக்காகப் போட்டா என்ன, போட்டேளே!"

தியோடருக்கு உலகநாதன் எழுந்து போனதைவிட இந்தத் தட்டிக்கொடுத்தல்தான் அதிகமாக உறுத்தியது. அன்று அவர் அடித்த கடிதங்களில் வழக்கத்தைவிடப் பிழை அதிகம்.

முடிவு வந்தது. ஆந்திரத்தில் ஒரே ஒரு தொகுதி தவிர மற்றதெல்லாம் காங்கிரஸ். செகந்திராபாத்தும் அப்படித்தான். டில்லியில் மட்டும் ஜனதா. உலகநாதனும் அவருடைய கூட்டாளிகளும் பட்டாசு வெடித்தார்கள். தியோடர் வாசலில் நின்று பார்த்தார். தான் போட்டவர் இங்கே ஜெயித்தும், உலகநாதனின் கட்சி அங்கே ஜெயித்தும், தன்னிடம் யாரும் கைகுலுக்க வராதது அவருக்கு விநோதமாக இருந்தது. அவருக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம் காலையில் அவர் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தபோது தாயம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். ரகுநாதன் இன்னும் வரவில்லை. மெஷின்களின் மேல் மூடியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே தியோடர், தன் ஓட்டைப் பற்றி அவளிடம் சொன்னார். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

தாயம்மாள் பெருக்குவதை நிறுத்தவில்லை. "நான் அந்த ஏரு பொம்மைக்குத்தான் சாரு குத்தினேன்" என்றாள்.

"ஏன்?"

"ஏன்னா என்ன சொல்றது." அவள் ஒரு பெஞ்சை நகர்த்தி அடியில் கூட்டினாள். "மனு குடுத்தோம்ல. அப்புறம் ஒரு நாளு அங்க இருந்த குமாஸ்தா, உங்க வீட்டுல யாராச்சும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிக்கிட்ட சீட்டு கொண்டா, அப்பத்தான் கையெழுத்து ஆவும்னாரு. எங்க வீட்டுக்காரரு செத்து எட்டு வருசம் ஆச்சு. பெருமாளு போனான்."

பெருமாள் அவள் மகன். தியோடருக்குத் தெரியும். இருபத்துநாலு வயசு இருக்கலாம். கிடங்கில் மூட்டை தூக்குபவன்.

"அவனுக்கு எத்தனை குழந்தை?"

"ஒண்ணு. பொட்டப்புள்ள. அப்ப ஆறு மாசம்."

தியோடர் கையிலிருந்த துணியை மறுபடியும் விரித்து மறுபடியும் மடித்தார்.

"நானாத்தான் போவச் சொன்னேன். நாலா தண்ணி உள்ள வந்தா புள்ளைய எங்க வைக்கிறதுன்னு சொல்லி அனுப்பினேன். அவன் ஒண்ணும் சொல்லல. மருமகதான். அன்னையிலேர்ந்து எங்கையால ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டா. அதே வூட்லதான் இருக்கா. அந்த மனையிலதான் வூடு கட்டியிருக்கோம். பேச்சு மட்டும் கெடையாது."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீங்க டைப் அடிச்சுக் குடுத்தீங்க. ஒரு கொறையும் இல்லாம அடிச்சுக் குடுத்தீங்க. இதை உங்ககிட்ட வந்து என்னான்னு சொல்றது?" அவள் குப்பையை முறத்தில் அள்ளினாள். "மனைய நான் வேணாம்னு சொல்லல சாரு. மழைக்கு இப்ப பயம் இல்ல. அது வேற, இது வேற."

அவள் போன பிறகு தியோடர் ஒரு மெஷினின் முன்னால் உட்கார்ந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் அவள் நின்றதைத் தான் பார்த்தது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டார். அன்று பெருமாள் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்ததும், சாரைப் பார்த்து எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டதும் ஞாபகம் வந்தது. வெயில் தாங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஜெயசுந்தரியிடம் சொன்னார். "அப்போ போட்டது தப்புன்னு சொல்லுதீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலை. தெரியாம போட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஜூன் மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. வேலைநிறுத்தத்தில் நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பச் சேரலாம். தியோடர் பெயரும் இருந்தது, உலகநாதன் பெயரும் இருந்தது. இந்த முறையும் ஒரு வரி ஆர்டர்தான்.

அன்று உலகநாதன் தானாகவே தியோடர் வீட்டுக்கு வந்தார். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. கையில் ஒரு பொட்டலம் ஸ்வீட் இருந்தது. ஜெயசுந்தரிக்கு உயிர் வந்தது போல இருந்தது. உள்ளே போய்க் காபி போட்டாள்.

"நாங்க குத்தின ஓட்டுல நீ வேலைக்குப் போற" என்றார் உலகநாதன். குரலில் கேலிதான் இருந்தது.

"ஆமா" என்றார் தியோடர். "அதை நான் மறுக்கவே இல்லை." பிறகு, தாயம்மாள் சொன்னதையும் சொன்னார். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. "என் காரணம் ஓட்டையாப் போச்சு. பாதியைப் பாத்துட்டுப் போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன் உலகநாதா. நான் எனக்காகப் போடலை."

இதைச் சொன்னால் சமாதானமாகிவிடும் என்று அவர் நினைத்தார். உலகநாதனின் முகத்திலிருந்த கேலி மறைந்தது.

"அதுதான்பா எனக்கு ஆறவே மாட்டேங்குது" என்றார். "நீ உனக்காகப் போட வேண்டாம். உனக்கு டீச்சரம்மா சம்பளம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? என் பொண்ணு மங்கையர்க்கரசியைப் பத்தாவதோட நிறுத்தினேன். வாடகை சைக்கிள் கடையில டியூபுக்கு ஒட்டுப் போட்டேன், பட்டறையில எஞ்சினைத் தொட்ட கை. யாரோ குடிசைக்காரங்களுக்காகப் போட்டேன்னு சொல்ற, சரி. நல்ல மனசு. எனக்காகப் போட்டிருக்கலாமில்ல? இருபத்திரண்டு நாள் பக்கத்துல படுத்திருந்தவன்தானே நான்? உனக்கு ஒரு ஞாபகத்துக்குக்கூட வரலையா?"

தியோடர் யோசித்துப் பார்த்தார். ஓட்டுச்சாவடியின் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தன்னை நினைத்தார்; தாயம்மாளை நினைத்தார். உலகநாதன் அந்த நேரத்தில் மனசில் வரவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம்.

"வரலை" என்றார்.

உலகநாதன் தலையை ஆட்டினார். ஜெயசுந்தரி கொண்டுவந்த காபியை வாங்கிக் கடைசி வரை குடித்தார், தம்ளரைக் கீழே வைத்தார், அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறையில் சேர்ந்த முதல் நாள் அவர்களுக்கு மாலை போட்டார்கள். மறுநாள் உலகநாதன் ஃபோர்மேனிடம் பேசி, முதுகுவலி என்று காரணம் சொல்லி, அந்தக் கோடியில் இருந்த வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டார். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் மங்கையர்க்கரசியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தார். தியோடரும் ஜெயசுந்தரியும் போனார்கள், முதல் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். பட்டறையில் எதிரெதிரே வந்தால் உலகநாதன் நின்று விசாரிப்பார்.

"சௌக்கியமா இருக்கீங்களா? டீச்சரம்மா எப்படி இருக்காங்க?"

பதினாறு வருஷம் நீ, வா, போ என்றே பேசியவர். தியோடரும் சில மாதம் 'நீ' என்றே பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் "நல்லா இருக்கேன், நீங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்.