தங்கத்தாள் சுற்றிய வால்நட்

எல்கனா ஏணியில் நின்றபடி ஈச்ச ஓலைகளைப் பந்தலின் மேல் பரப்பிக்கொண்டிருந்தான். கை ஓலையில் இருந்தது. கண் மட்டும் அடிக்கடி கீழே மேசையில் இருந்த பீங்கான் கிண்ணத்துக்குத் தாவியது. அதில் தங்கத்தாள் சுற்றிய வால்நட்டுகள் குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் பருப்பு இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஒரு மோதிரம் இருந்தது.

ஜெருசலேம் முழுக்க அன்று யூதர்களின் கூடாரத் திருநாளுக்குச் சுத்தியல் சத்தம். பால்கனிக்குப் பால்கனி துணிச்சுவரும் ஓலைக்கூரையுமாகப் பந்தல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்துவிட்டது.

அவன் இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருக்கும் தீர்த்சா போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தாள். "தெற்குக் கோடியில, எய்லாத் ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ் வேலை வந்திருக்கு. திருநாள் விளக்கு ஏத்துறதுக்குள்ள நீ ஏதாவது சொல்லணும்னா சொல்லு. இல்லேன்னா திருநாள் முடிஞ்சதும் சரின்னு சொல்லிடுவேன். ரெண்டு வருஷமா வந்து வந்து எங்க வீட்டுப் பூட்டையெல்லாம் மாத்தியாச்சு. இனிமே மாத்துறதுக்குப் பூட்டும் இல்ல."

பூட்டுத் தொழில் செய்பவன் எல்கனா. எந்தப் பூட்டும் அவன் கைக்குத் திறந்துவிடும், வாய்தான் திறக்காது. அதனால்தான் கையையே பேசவிடலாம் என்று முடிவு செய்தான். தீர்த்சாவின் வீட்டில் வருஷாவருஷம் வால்நட்டுக்குத் தங்கத்தாள் சுற்றிப் பந்தலில் கட்டுவார்கள். திருநாள் முடிந்ததும் உடைத்துத் தின்பார்கள். அவனும் ஒரு வால்நட்டைச் சேதமில்லாமல் இரண்டாகப் பிளந்து, பருப்பை எடுத்துவிட்டு, மோதிரத்தை உள்ளே வைத்து, பசை தடவி மூடி, அதே தங்கத்தாளைச் சுற்றினான். கொடுக்கும்போது 'இதை உடைச்சுப் பாரு' என்று சொன்னால் போதும். அதைப் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கதவைத் திறந்தது தீர்த்சாவின் அம்மா நயீமா.

"வந்தியா! கையில என்ன, நட்டா? கொண்டா இப்படி." பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள். "ஏறு ஏறு. ஓலை இன்னும் தரையிலயே கிடக்கு. பொழுது உனக்காக நிக்குமா?"

ஏறியவன்தான். இறங்கவே விடவில்லை.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு தீர்த்சா பால்கனிக்கு வந்தாள். கையில், ஊதி வெறுமையாக்கிய முட்டை ஓட்டுக்குக் காகிதச் சிறகு ஒட்டிச் செய்த பறவை. அதை மூலையில் கட்டிவிட்டு அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அவள் நேரம் கொடுப்பது அவனுக்குத் தெரிந்தது.

"ஓலை... போதுமா?" என்றான்.

"ஓலை வழியா ராத்திரி நட்சத்திரம் தெரியணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தன்னையே நொந்துகொண்டு ஏணியிலிருந்து இறங்கித் திரும்பினான். கிண்ணம் காலி.

"எங்க போச்சு எல்லாம்?"

"கட்டியாச்சு" என்றாள் நயீமா, பெருமையாக. "நீ அந்தப் பக்கம் ஓலை போடுறதுக்குள்ள நான் இந்தப் பக்கம் முடிச்சிட்டேன்."

காகிதச் சங்கிலிகளுக்கும் மாதுளைகளுக்கும் நடுவே பந்தல் நெடுகத் தங்க உருண்டைகள் ஆடின. எல்கனா ஒவ்வொன்றாகப் பிடித்துக் காதருகே குலுக்கினான். எல்லாமே லொடலொடவென்றுதான் இருந்தன. தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். எதிர்வீட்டுச் சலீம் தன் பால்கனிப் பந்தலுக்கு ஆணி அடித்தார். அந்த இரைச்சலில் வித்தியாசம் பிடிபடவில்லை. ஒட்டுப்போட்ட கோடு தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவினான். ஒன்றுமே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாகவா ஒட்டித் தொலைப்பது!

"ஏம்ப்பா, சந்தையில தக்காளி அமுக்குற மாதிரி அமுக்கிட்டிருக்க?" என்று நயீமா வீடெல்லாம் கேட்கக் கத்தினாள்.

"இல்ல நயீமாம்மா... அழுகியிருக்கான்னு பார்த்தேன்."

"நட்டு எங்கயாவது அழுகுமா? உனக்குப் பசி கண்ணை மறைக்குது. கொஞ்சம் பொறு, பீட்ரூட் குழம்புல கறி வச்ச குப்பா உருண்டை வெந்துட்டிருக்கு."

விளக்கு ஏற்றிவிட்டால் பந்தலில் தொங்குவதெல்லாம் ஏழு நாளும் திருநாளுக்குச் சொந்தம். கழற்றக் கூடாது, தின்னக் கூடாது, விழுந்தால்கூட எடுத்துக் கட்டக் கூடாது. எல்கனா பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தான். மறுபடி பந்தலுக்குள் வந்தான். இன்னும் இரண்டு உருண்டைகளைக் குலுக்கினான். தீர்த்சா மேசைவிரிப்போடு வந்து நின்றாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"அது வந்து... ஒரு வால்நட்..."

"வால்நட்டா?"

அவன் வாயைத் திறந்தான். ஊர்ச் சைரன் முந்திக்கொண்டது. திருநாள் பிறக்கப்போகிறது என்று நீளமாக ஊதி ஓய்ந்தது. தீர்த்சா ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"தள்ளு. விளக்கேத்தணும்" என்றாள்.

ஏற்றினாள். கையால் முகத்தை மூடி ஆசி சொன்னாள். கையை எடுத்தபோது கண்கள் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான். அவனைத்தான் அவள் பார்க்கவில்லை.

வீட்டில் வேறு ஆண் இல்லாததால் திராட்சை ரசத்துக்கான ஆசியை நயீமா எல்கனாவைச் சொல்லச் சொன்னாள். பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னான். நயீமா குப்பா பரிமாறினாள். தீர்த்சா ஒன்றைத் தட்டில் உருட்டிக்கொண்டேயிருந்தாள். எல்கனா தங்க உருண்டைகளையே அண்ணாந்து அண்ணாந்து பார்த்தான். சுத்தியல் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் அடங்கியிருந்தன. கரண்டிச் சத்தம் மட்டும் பால்கனிக்குப் பால்கனி கேட்டது.

மேற்கிலிருந்து காற்று வீசியது. காகிதச் சங்கிலி சரசரத்தது. முட்டைப் பறவை ஒரு சுற்றுச் சுற்றியது. வால்நட்டுகள் லொடலொடத்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும், கிணிங் என்றது.

நயீமா அண்ணாந்து பார்த்தாள். "எது அது? ஒண்ணு சொத்தையாயிருக்கு போல."

மறுபடியும் காற்று. கிணிங். தீர்த்சாவின் தலைக்கு நேர் மேலே.

"அது சொத்தை இல்ல" என்றான் எல்கனா.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை. எழுந்து கழற்றவும் வழியில்லை. வாயைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை அவனுக்கு.

"அதுக்குள்ள பருப்பு இல்ல. மோதிரம். மத்தியானமே உன் கையில கொடுக்கணும்னுதான் கொண்டு வந்தேன். நீ எய்லாத்துக்குப் போகாத. இல்ல, போறதுன்னா போ, நானும் வர்றேன். அங்கயும் கதவு இருக்கும், பூட்டு இருக்கும். என்னைக் கட்டிக்கோ, தீர்த்சா."

கடைசி வார்த்தைகள் முணுமுணுப்பாகத்தான் வந்தன. எதிர்ப் பால்கனியின் துணிச்சுவருக்குப் பின்னாலிருந்து சலீமின் குரல் எழுந்தது.

"கடைசியில சொன்னது இங்க கேக்கல! சத்தமா சொல்லுப்பா!"

"உன் வீட்டுச் சாப்பாட்டைப் பாருய்யா!" என்று நயீமா திருப்பிக் கத்தினாள். ஆனால் அவளுக்கும் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

எல்கனா எழுந்து நின்றான். காது மடல் சிவந்துபோயிருந்தது. "என்னைக் கட்டிக்கோன்னு சொன்னேன்!" என்றான், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

தீர்த்சா அண்ணாந்தாள். தலைக்கு மேல் ஆடுகிற தங்க உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு ஏத்தியாச்சு. நீ லேட்டு."

"தெரியும்."

"தக்காளி அமுக்கினதெல்லாம் இதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதை எதுல கட்டின?"

"நைலான் நூல்லதான். இரட்டை முடிச்சு" என்றாள் நயீமா. "திருநாள் முடியற வரைக்கும் புயலே அடிச்சாலும் விழாது."

"நல்லதாப் போச்சு" என்றாள் தீர்த்சா. பக்கத்து நாற்காலியைக் காலால் தன் பக்கம் இழுத்து, "இங்க வந்து உக்காரு. தினமும் வந்து என் மோதிரத்துக்குக் காவல் இருக்கணும், புரியுதா?" என்றாள்.