மூன்றாம் மாடி வரைக்கும்

மூட்டுவலிக்கு எங்கள் மருந்துக்கடையில் மிதப்பு மாத்திரைதான் கொடுக்கிறோம். கால் தரையில் பட்டால்தானே வலி.

கால்வாசி மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது. அரைக்குக் குதிகால் எழும்பும். ஒன்றுக்கு ஒரு சாண், இரண்டுக்கு முதல் மாடி, மூன்றுக்கு மூன்றாம் மாடி. அதற்கு மேல் பத்து விழுங்கினாலும் மூன்றாம் மாடிதான். வாந்தி மட்டும் கூடும்.

அமிர்தகௌரி அம்மாளுக்கு நான்காம் மாடி தேவைப்பட்டது. எதிர்க் கட்டடத்தில் அங்கேதான் அவருடைய அக்கா தில்லைநாயகி இருந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அக்காவின் ரசத்தைச் சாம்பார் என்று நினைத்துப் பாராட்டிவிட்டார். அன்றிலிருந்து அக்கா இவருக்குக் கதவைத் திறப்பதில்லை. ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

ஐந்து மாத்திரை போட்டுப் பார்த்தார். மூன்றாம் மாடி பால்கனியில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நகர்ந்து வழிவிட்டார்.

அந்த வாரம் புது மாத்திரை வந்தது. கடுகளவு. பழையதைப் போல நூறு மடங்கு வீரியம்.

"அப்ப ஒரே கடுகுல மொட்டை மாடிக்கே போயிடலாமே?" என்றார்.

"வீரியம் வேற, உயரம் வேறம்மா. கொஞ்சமாப் போட்டாலே மூணாம் மாடி வரும். அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. மறுபடியும் மூன்றாம் மாடி. தோசைக்காரர் இந்த முறை சட்னி கொடுத்தார். அமிர்தகௌரி அம்மாள் அதை வாங்கிக்கொண்டு மேலே பார்த்து அழுதார்.

சற்று நேரத்தில் கடைக்குப் போன் வந்தது.

"தில்லைநாயகி பேசறேன். அவ ஒரு மாடி கீழ மிதந்துகிட்டு நிக்கிறா. நான் பார்க்கலைன்னு சொல்லிடுங்க. எறங்கறதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கும்மா. உங்க எடை?"

"நான் எதுக்கு எறங்கி வரணும்? வீடு எறங்கட்டும்."

கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தெரிந்ததுதான். கட்டடத்தின் எடையை மேஸ்திரியிடம் கேட்டு, அளந்து, மேல்தொட்டித் தண்ணீரில் கலந்தேன். நாலு மணிக்குள் கட்டடம் ஒரு மாடி இறங்கி நின்றது.

ஜன்னலும் முகமும் நேருக்கு நேர் வந்தன.

"என்னடி இப்படி இளைச்சுட்டே?" என்றார் அக்கா.

"நீ ரசம் ஊத்தலையே," என்றார் தங்கை.

மறுநாள் காலை, மண்ணுக்குள் போயிருந்த கீழ்வீட்டுக்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இன்னும் அரை டோஸ் கிடைக்குமா, மெட்ரோ ரயில் பன்னிரண்டடி கீழேதான் போகிறது, படுக்கையறையிலிருந்தே ஏறிக்கொள்வேன் என்றார்.

டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.