செம்புக்கு ஒன்றும் ஆகவில்லை

என் மாமனார் அபூபக்கருக்குக் காரைக்குடியில் பழைய சாமான் கடை. உலகத்தில் எது கெட்டாலும் செம்பு சரிபண்ணிவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் காருக்கும் அந்த வைத்தியம் நடந்தது.

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாயில் விரிசல். மாமா கடையிலிருந்து ஒரு செம்புக் குழாயை எடுத்து, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, மெக்கானிக் ரவிக்குமாரிடம் நீட்டினார்.

"வேணாம் பாய். ரேடியேட்டர் அலுமினியம். செம்போ பித்தளையோ, அதோட ஒரே தண்ணியில கெடந்தா அலுமினியம் அரிச்சுப் போயிரும். கம்பெனி குழாயவே போட்டு, நல்ல கூலன்ட்டா ஊத்துங்க. அதுல அரிப்பத் தடுக்குற மருந்து இருக்கு."

"செம்புத் தண்ணி குடிச்சு மனுசனே நூறு வயசு இருக்கான். காரு இருக்காதா?"

கூலன்ட்டும் வேண்டாமாம். எங்கள் ஊருணித் தண்ணீரில் டீ போட்டால் தெருவே மணக்குமாம். ரேடியேட்டர் டீ குடிப்பதில்லை என்று ரவிக்குமார் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

செம்புக் குழாயும் ஊருணித் தண்ணீருமாக நாலு மாதம் கார் ஓடியது. மாமாவின் வாயும் ஓடியது.

அப்போதுதான் எனக்குத் திருச்சியில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல் வந்தது. ஒன்பது மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு, அதற்கான தேர்வுக்கு ஒரு வருடம் படித்திருந்தேன். பஸ்ஸிலேயே போகிறேன் என்றேன்.

"நம்ம வீட்டு மருமக பஸ்ல தொங்கிக்கிட்டா போறது?" என்று மாமா சாவியை எடுத்துவிட்டார்.

திருமயம் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. "லேசாக் கொதிக்குது, ஆறிரும்" என்றார் மாமா. ஆறத்தான் செய்தது. அதற்குள் தண்ணீர் முழுக்க ரோட்டில் ஓடிவிட்டது. பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். வாசலில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து, காரை இழுத்து வந்திருந்த ரவிக்குமாரின் பட்டறைக்கு நேரே போனேன். கழற்றிப் போட்டிருந்த ரேடியேட்டர் சல்லடையாகியிருந்தது. மாமா குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா பெனாசிர், செம்புல ஒரு கீறல் இல்ல!"

"ஒரு வருசம் படிச்சது போச்சு மாமா. அதுக்கு என்ன சொல்றீக?"

குரல் உடைந்து அழுதுவிட்டேன். மாமா குழாயைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப்போயிற்று. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்:

"அழுவாதம்மா. அடுத்த தடவைக்குப் பித்தளையே போட்டுருவோம்."