பத்துக்கு ஆறு

கந்தகத்தின் புது ஆல்பத்துக்குப் பத்துக்கு ஆறு மார்க் என்று மீனலோசினி சொன்னபோது, அது இப்படி ஊரைக் கூட்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

கந்தகம் என்பது சென்னையில் ராப் பாடுகிற ஒரு பையனின் மேடைப் பெயர். காலேஜ் விழாக்களில் பாடத் தொடங்கியவன், இரண்டே ஆல்பத்தில் சினிமாவுக்குப் போய், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் வந்துவிட்டான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மினி பஸ்களில் பாதிக்கு மேல் அவன் குரல்தான். மூன்றாவது ஆல்பம் வெளிவந்த அன்று ராஜபாளையம் ரோட்டில் வெடி போட்டார்கள். இணையத்தில் விமர்சனம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் பத்துக்குப் பத்து, ஒன்பதரை என்று அள்ளிக் கொடுத்தார்கள்.

மீனலோசினியும் ருக்ஸானாவும் மட்டும் ஆறு கொடுத்தார்கள்.

இரண்டு பேரும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். மீனலோசினிக்குத் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலை. ருக்ஸானா கடையநல்லூரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்குப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ருக்ஸானா பஸ் ஏறி வந்துவிடுவாள். மீனலோசினி வீட்டு மாடி அறையில் எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரே மைக்கின் முன்னால் இருவரும் உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாகப் பேசுவார்கள். மெட்டு, பீட், குரல் எல்லாம் ருக்ஸானா பாடு. வரிகள் மீனலோசினி பாடு. யூடியூபில் அவர்கள் சேனலுக்குப் பெயர் ‘பதினாறு பார்’. ராப் பாட்டில் ஓர் அடியை பார் என்பார்கள். பதினாறு பார் சேர்ந்தால் ஒரு சரணம். இது தெரியாமல், "ஒம் பொண்ணு பதினாறு பார் நடத்துதாளாமே" என்று யாரோ சொல்லக் கேட்டு மீனலோசினியின் அப்பா காந்திமதிநாதன் ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார். அவர் கோவில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். விவரம் தெரிந்த பிறகும் அவர் சேனலைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

ஆறு மார்க்குக்கு மீனலோசினி சொன்ன காரணம் இரண்டு. ஆல்பத்தின் ஆறாவது பாட்டு, ‘ஸ்பீட் பிரேக்கர்’, சோம்பேறித்தனமாக எழுதியது என்றாள். "ரெண்டாவது சரணத்துல எதுகையும் இல்ல, இயைபும் இல்ல. பேசிக்கிட்டே போறான்." அதைப் பதிவு செய்யும்போதே ருக்ஸானா, "இன்னொரு தடவ கேட்டுட்டுப் பேசுவோம்ட்டி" என்றாள். மீனலோசினி கேட்கவில்லை. அவளுக்கு மூன்றாவது பாட்டின் மேல்தான் கோபம் முழுக்க.

அந்தப் பாட்டுதான் ஆல்பத்திலேயே பெரிய ஹிட். நெல்லைச் சீமைப் பெண் ஒருத்தியைக் காதலித்துப் பாடுகிற பாட்டு. பல்லவியில் கந்தகம் அவளை, "ஏலே... என் கண்ணே ஏலே" என்று உருகி உருகிக் கூப்பிடுகிறான்.

"எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைய ஏலேன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள் மீனலோசினி அந்த வீடியோவில். "கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா. பக்கத்துல நிக்க அவ தம்பிதான் திரும்புவான். கந்தகம் இவ்வளவு நேரமும் உருகுனது அவகிட்ட இல்ல, அவ தம்பிகிட்ட. எங்க பேச்ச எடுத்து உடுத்திக்கிடுத, சரி. பித்தானையாவது நேராப் போட வேண்டாமா?"

ருக்ஸானா சிரித்த சிரிப்பில் மைக் கீழே விழுந்தது. அதை வெட்டாமல் அப்படியே போட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் மீனலோசினியின் கைபேசி ஓயவில்லை. வீடியோவுக்குக் கீழே கந்தகம் ரசிகர்கள் வந்து குவிந்திருந்தார்கள். போய் சீரியல் பாரு என்றான் ஒருவன். பட்டிக்காட்டுக்கு எதற்கு ஹிப் ஹாப் என்றான் இன்னொருவன். நீ ஒரு வரி ராப் பாடு பார்ப்போம் என்றவர்களுக்குக் கணக்கே இல்லை. அதற்கும் கீழே எழுதியிருந்ததையெல்லாம் அவள் வாசிக்காமல் தள்ளினாள்.

அம்மா கனகலட்சுமிக்கு எப்படியோ தெரிந்துபோய், "அத எடுத்துத் தொலைங்கட்டி. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

மீனலோசினிக்கும் லேசாக ஆட்டம் கண்டுவிட்டது. ருக்ஸானாவைப் போனில் கூப்பிட்டு, "எடுத்துருவோமா?" என்று கேட்டாள்.

"தப்பாச் சொல்லியிருந்தா எடுப்போம்" என்றாள் ருக்ஸானா. "தப்பாச் சொன்னியா?"

"இல்ல."

"பொறவு என்ன? கெடக்கட்டும்."

அந்த வார நடுவில் ஒரு போன் வந்தது. "மேடம், நான் வெள்ளத்துரை. கந்தகம் வெறியர்கள் மன்றம், தென்காசி மாவட்டத் தலைவர்."

திட்டப்போகிறான் என்று மீனலோசினி நினைத்தாள். ஆனால் அந்தக் குரலில் சண்டைக்கான சூடு இல்லை.

"நம்ம பயலுவ கண்டபடி எழுதியிருக்கானுவ. பாத்தேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குதேன். ஆனா உங்க மார்க்க நான் ஒத்துக்கிட மாட்டேன். நேர்ல வந்து பேசுவீங்களா? பாட்டுப் பாட்டாப் போடுவோம். நீங்க சொல்லுங்க, நாங்க சொல்லுதோம். ஞாயித்துக்கிழம காலைல, நான் வேல பாக்க ஷோரூம் மாடியில."

வெள்ளத்துரை ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் விற்பனை மேலாளர். புது வண்டி வாங்குகிறவர்களுக்கு மாலை போட்டுச் சாவி கொடுக்கிற ஹால் ஒன்று மாடியில் இருந்தது.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா முழுசும் ரெக்கார்டு பண்ணுவோம். வெட்டாமப் போடுவோம்."

"போடுங்க. எங்களுக்கு என்ன பயமா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, அப்பா வண்டியை எடுத்து வெளியே நிறுத்திக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"நீங்க எங்கப்பா?"

"ஒன்னை விட்டுட்டு வாரேன்" என்றார். விட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. மாடிக்கு ஏறி வந்து கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹால் நிறைந்திருந்தது. ருக்ஸானா முன்னமே வந்து மைக்கைப் பொருத்தி வைத்திருந்தாள். மேலநீலிதநல்லூர், புளியங்குடி என்று பல பக்கத்திலிருந்தும் பையன்கள் வந்திருந்தார்கள். பலர் கந்தகம் படம் போட்ட கறுப்புச் சட்டையில். ஜன்னலோரம் நாலைந்து பெண்களும் இருந்தார்கள். வெள்ளத்துரை முன்னால் நின்றான். முப்பது வயது இருக்கும். ஷோரூம் சட்டையிலேயே வந்திருந்தான். முதலாளி மதியத்துக்குள் ஹாலைத் திரும்பக் கேட்டிருந்தார்.

தொடங்கும் முன்பே பாதுஷா என்ற பையன் எழுந்தான். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஒங்களுக்கு ராப் பாடத் தெரியுமா? தெரியாதுன்னா எதுக்கு மார்க் போடுதீங்க?"

கைதட்டல் பறந்தது. மீனலோசினி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கல்யாண வீட்டுல சொதி ஊத்துதாங்க. ஒறப்பு ஜாஸ்தின்னு சொல்லுதீங்க. நீங்க என்ன சமையல்காரரா?"

"அது... நாக்கு இருக்குல்லா, சொல்லுதேன்."

"எனக்குக் காது இருக்கு."

பின்னால் எவனோ விசிலடித்தான். பாதுஷாவே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் இரண்டு பாட்டில் பெரிய சண்டை இல்லை. மூன்றாவது பாட்டு வந்ததும் ஹால் முழுக்கச் சேர்ந்து பாடியது. பாடி முடித்ததும், "இதுல என்ன குத்தம்? காதல்ல எப்படியும் கூப்பிடலாம்", "அது ஒரு ஸ்டைலு" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். மீனலோசினி பேசிப் பார்த்தாள், குரல் எடுபடவில்லை. சட்டென்று மைக்கை வாயருகே வைத்து, வாசல் பக்கம் பார்த்து, ஊரில் பையன்களைக் கூப்பிடுகிற அதே அதட்டலில் ஒரு குரல் கொடுத்தாள்.

"ஏலே!"

அத்தனை பையன்களும் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினார்கள். வெள்ளத்துரையும் திரும்பினான். ஜன்னலோரம் இருந்த பெண்களில் ஒருத்தியின் கழுத்துக்கூட அசையவில்லை. ஒருத்தி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்கள்தான். அப்புறம் ஹாலே வெடித்தது. பாதுஷா தலையில் அடித்துக்கொண்டான்.

"சரி" என்றான் வெள்ளத்துரை, சிரிப்பை அடக்க முடியாமல். "உள்ளதச் சொல்லுதேன். மொதத் தடவ கேக்கும்போது எனக்கும் அது உறுத்துச்சு. நம்ம ஆளாச்சேன்னு வெளிய சொல்லல. இந்தப் பாட்டுல நீங்க ஜெயிச்சுட்டீங்க, தங்கச்சி. ஆனா ஆறாவது பாட்டுக்கு வாங்க."

அவன் முழுப் பாட்டையும் போடாமல், இரண்டாவது சரணத்தை மட்டும் எடுத்துப் போட்டான். அந்த இடத்தில் டிரம் நின்றுவிடும். கந்தகத்தின் குரல் மட்டும் தனியாக வரும்.

*பட்டம் வாங்கி வந்த நாளு அப்பா மொகத்தப் பாத்தேன்*
*கட்டம் போட்ட சட்டைக்குள்ள நெஞ்சு நிமிந்து நின்னுச்சு*
*சட்டம் பேசும் ஆபீசு வாசல்ல நின்ன மனுசன்*
*வட்ட மேச முன்னால சேர் இழுத்து உக்காந்தாரு*

"அடி முடியிற எடத்துல நீங்க தேடுனீங்க. அங்க ஒண்ணும் இல்ல" என்றான் வெள்ளத்துரை. "எல்லா ராப்பரும் ஒத்த சத்தத்தக் கடைசியிலதான் கொண்டுபோய் வைப்பான். இவன் தொடக்கத்துல வச்சிருக்கான். பட்டம், கட்டம், சட்டம், வட்டம். டிரம்மையும் எடுத்துட்டான், அந்த எழுத்து விழுததே தாளம் மாதிரிக் கேக்கட்டும்னு. இத எதுகையே இல்லன்னு சொல்லிட்டீங்களே?"

திரும்பவும் போட்டான். மீனலோசினி கேட்டாள். காது மடல் சூடாகியது. பஸ்ஸில் ஆபீசுக்குப் போகும்போது, இரைச்சலுக்கு நடுவே, மூன்றாவது பாட்டுக்கு என்ன கேலி சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இதைக் கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்கு எதுகை பிரித்து எழுதிப் பரிசு வாங்கியவள் அவள். ருக்ஸானாவைப் பார்த்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ருக்ஸானாவின் முகம் சொல்லவில்லை. மைக்கை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கடைசி வரிசையில் அப்பா கட்டியிருந்த கையைப் பிரித்து முழங்காலில் வைத்திருந்தார். அவரை நேராகப் பார்க்க அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"இந்தப் பாட்டப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றாள் மீனலோசினி. "சரியாக் கேக்காமப் பேசிட்டேன். ருக்ஸானா கேக்கச் சொன்னா, நான்தான் மாட்டேன்னேன். இந்த ஆல்பத்துலயே நல்ல பாட்டு இதுதான். இப்பம் சொல்லுதேன், ஏழு."

"எட்டு" என்றான் வெள்ளத்துரை.

"ஏழு. ‘ஏலே’ அப்படியேதான் இருக்கு."

"ஏழரை?"

"ஷோரூம்ல வண்டிக்கு வேணும்னா பேரம் பேசுங்க அண்ணாச்சி."

ஹால் மறுபடி சிரித்தது. கறுப்புச் சட்டைப் பையன்கள் ஏழு ஏழு என்று மேசையில் தட்டினார்கள். சிலர் விடாமல் பத்து பத்து என்று கத்தினார்கள். இரண்டு கூட்டமும் போட்டி போட்டுக்கொண்டு கத்தியதில் கீழே வண்டி பார்க்க வந்தவர்கள் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். காபி வந்தது. பாதுஷா வந்து, "அக்கா, நான் எழுதுன கமெண்ட எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்ன எழுதியிருந்தான் என்று அவள் கேட்பதற்குள் நழுவிவிட்டான்.

வீடியோவை வெட்டாமல் போட்டார்கள். அவள் தப்பை ஒப்புக்கொண்டதும் அதில் இருந்தது, மன்றத் தலைவர் ஒப்புக்கொண்டதும் இருந்தது. அதுவரை அவர்கள் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. மதுரையிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் எழுதினார்கள். இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பாட்டைப் பேசி எத்தனை காலமாயிற்று என்றார் ஒருவர். எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று தூத்துக்குடி ரசிகர்கள் கூப்பிட்டார்கள். கந்தகம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லுவான் என்று இவர்களும் காத்திருக்கவில்லை. அடுத்து வருகிற ஆல்பம் எது, அதை யார் வீட்டில் வைத்துக் கேட்பது என்று வெள்ளத்துரையோடு சண்டை தொடங்கியிருந்தது.

அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. அன்று வண்டியில் திரும்பும்போதுகூட, "வெயிலு ஏறிட்டு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோவிலுக்குப் போனாள். தரிசனம் முடித்து அம்மா ஒரு சொந்தக்காரியோடு பேச நின்றுவிட, மீனலோசினி பிரகாரத்தைச் சுற்றி அப்பாவின் அலுவலகப் பக்கம் வந்தாள். உள்ளே அவரோடு வேலை பார்க்கும் கைலாசம் பெரிய குரலில் கேட்பது தூணுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"என்ன வே, ஒம்ம மக ஷோரூம்ல பாட்டுக் கச்சேரி பண்ணுனாளாமே? ஊரே பேசுது."

அப்பா பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"கச்சேரி பண்ணல வே" என்றார் காந்திமதிநாதன், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "கச்சேரி பண்ணுனவனுக்கு மார்க் போட்டா. தப்பாச் சொன்ன எடத்துல தப்புன்னும் சொன்னா. ஒம்ம போன்ல பாக்கலையா? இங்கன கொண்டாரும், நான் எடுத்துத் தாரேன்."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கைலாசத்தின் போனிலிருந்து, பிரகாரத்துக் கல்லெல்லாம் எதிரொலிக்க, அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது. மீனலோசினி உள்ளே போகவில்லை. அந்த வீடியோ எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். தூணில் சாய்ந்துகொண்டு, அப்பா முழுசும் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள்.