கேட்காமல் போட்ட இரண்டு ராம்

திங்கட்கிழமையே ட்ரூடி லின்ட்க்விஸ்டுக்குக் கோபம் ஏறிவிட்டது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

பனி உருகும்போது பெருமழையும் சேர்ந்துகொண்டால் எந்தச் சாலை முழுகும், சாலைக்கு அடியில் போகும் குழாய் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அமெரிக்காவின் டுலூத்தில் தன் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்தே செய்கிறாள். ஒரு கணக்கை முடிக்க அவளுடைய கம்ப்யூட்டருக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு ஆறரை மணி நேரம் ஆயிற்று. செவ்வாயும் அதே கதி. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்துக்குப் பதினாறு கணக்குகள் போயாக வேண்டும். இந்த வேகத்தில் ராப்பகலாக ஓட்டினாலும் அதற்குள் முடியாது.

அவள் கணவன் வெண்டல் கவுண்டிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஏப்ரல் கடைசி, தள்ளப் பனியில்லை. கை சும்மா இருந்தால் அவனால் தாங்க முடியாது. போன சனிக்கிழமை அவள் தங்கையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, ஏற்கெனவே இருந்த இரண்டு ராம் மெமரிப் பலகைகளோடு இன்னும் இரண்டைச் செருகி வைத்துவிட்டான். பிறந்தநாள் பரிசு. அதே கம்பெனி, அதே அளவு, பெட்டியில் அதே ஆறாயிரம் என்ற வேகம். இனிமேல் பறக்கும் பார் என்றான். வேலை செய்யும் மெஷினில் கைவைத்தானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விழுங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். மெமரி கூடினால் வேகம் குறையும் என்று யார்தான் நினைப்பார்கள்?

புதன்கிழமை காலையில்தான் மெமரியின் வேகத்தைப் பார்க்கத் தோன்றியது. திரையில் மூவாயிரத்து அறுநூறு என்று இருந்தது.

கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கிற பயாஸ் திரைக்குள் போனாள். பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடச் சொல்லும் அமைப்பு அணைந்து கிடந்தது. அதைப் போட்டுவிட்டு மறுபடி கிளப்பினாள். திரை கறுத்தது. பத்து நிமிஷம் காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. அணைத்து அணைத்து எழுப்பியதில் மூன்றாம் தடவை தானாகவே மூவாயிரத்து அறுநூறுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது. பயாஸைப் புதுப்பித்தாள். நாலு ராமையும் கழற்றித் துடைத்து, இருந்த இடத்திலேயே அழுத்திச் செருகினாள். மறுபடி கறுப்புத் திரை.

இத்தனை நேரமும் வெண்டல் காபிக் கோப்பையோடு பேஸ்மென்டுக்கு இறங்கும் படியில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். தூசியாக இருக்கும் என்றான், சூடாக இருக்கும் என்றான், எதற்கும் விண்டோஸை அழித்துவிட்டுப் போடேன் என்றான். ட்ரூடி பல்லைக் கடித்துக்கொண்டு ராம் கம்பெனிக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தபின் ஒருவர் எடுத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாலும் ஒரே பெட்டியில வந்ததா மேடம்?"

அவள் திரும்பி வெண்டலைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

பெட்டியில் போட்ட வேகம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டுக்கும்தான் என்றார் அவர். அவளுடைய மதர்போர்டில் நாலையும் நிரப்பினால் மூவாயிரத்து அறுநூறுக்குமேல் உத்தரவாதமில்லை, போர்டின் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம். புதிதாகப் போட்ட இரண்டையும் கழற்றுங்கள், மற்ற இரண்டும் ஓடும் என்றார். ட்ரூடி நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"ஒரே கம்பெனிதானே, ஒரே நம்பர்தானே," என்றான் வெண்டல். "நான் என்ன குண்டா வச்சேன்?"

"ரெண்டு நாள் போச்சு எனக்கு."

"ஆசையா வாங்கிட்டு வந்தேன் ட்ரூடி. அது தப்பா?"

"போன வருஷம் என் கத்தியைத் தீட்டித் தரேன்னு கிரைண்டர்ல வச்சுப் பாழாக்கினே. அதுவும் ஆசையாத்தான். லைலாக் செடியை வெட்டினே, இன்னிவரைக்கும் பூக்கல. நீ குடுக்கற பரிசு ஒவ்வொண்ணும் எனக்கு வேலை வைக்குது வெண்டல்."

"அப்ப இனிமே எதுவும் வாங்கித் தரல, போதுமா?"

"வாங்கிக் குடு. கேட்டுட்டு வாங்கிக் குடு. முப்பது வருஷமா இதைத்தான் சொல்றேன். உன் காதுல பனி அடைச்சிருக்கு, அதைத் தள்ள ஒரு லாரி இல்ல."

அவன் எழுந்து மேலே போனான். சற்று நேரத்தில் பின்கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ட்ரூடி முதல் குழியிலும் மூன்றாம் குழியிலும் இருந்த புது ராம்களைப் பிடுங்கினாள். கழற்றிய வேகத்தில் ஒன்று தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. அமைப்பைப் போட்டுக் கிளப்பினாள். அரை நிமிஷத்தில் திரை வந்தது. ஆறாயிரம். அடுத்த கணக்கு நாலு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவாகவே முடிந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் கூடியது. இவ்வளவுதானா? இதற்கா இரண்டு நாள்?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினாறு கணக்குகளும் போய்ச் சேர்ந்தன. அதுவரை அந்த வீட்டில் இருவரும் உப்பை எடு என்பதற்குமேல் பேசவில்லை.

அன்று மதியம் அவளே போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள், பேஸ்மென்ட் கதவுக்கு உள்பக்கமாகப் போட. துளை போடும் மெஷின் எங்கிருக்கிறது என்று தெரியாமல் கராஜைப் புரட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து வெண்டல் வந்தான். அவள் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. அது எதற்கு என்று கேட்கவே இல்லை. மெஷினை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

கதவின் முன் நின்று, அவளைப் பார்க்காமலே கேட்டான். "எந்த உயரத்துல வேணும்?"

அவள் கையை வைத்துக் காட்டினாள். பென்சிலால் குறித்துக்கொண்டான். நாலு திருகையும் ஒன்றும் சாயாமல் முடுக்கினான், விழுந்த மரத்தூளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே போனான்.

அவன் படியேறுவதற்குள் ட்ரூடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கச்சிதமாக விழுந்தது.