கிக் கேட்காத நாற்காலி

ஒரே ஓர் அடி. அதைச் செய்ய ஒரு மனிதன் வாரக்கணக்கில் உட்காருவான் என்றால் யார் நம்புவார்கள்? அவனுடைய அக்கா நம்பியதே இல்லை. "இந்த டொம்முக்கா ஒருத்தன் காசு குடுக்கறான்?" என்பாள். ஆட்டக்கூடங்களில் போடும் மின்னிசைக்குக் கிக், அதாவது தாளத்தைத் தாங்கும் டிரம் அடி, செய்து கொடுப்பது அவன் தொழில். ஒரு கிக்குக்குள் மூன்று சத்தங்களை அடுக்குவான். மேலே 'டிக்' என்று ஒரு சுரீர்; இந்த முறை அதற்கு மேசை இழுப்பறையை அடித்துச் சாத்திப் பதிவு செய்திருந்தான். நடுவில் டிரம்மின் சதைப்பற்று. அடியில், காதுக்கு முன்னால் வயிறு கேட்டுவிடும் கனத்த பேஸ். மூன்றும் ஒரே கணத்தில் விழவேண்டும். மயிரிழை பிசகினாலும் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

அம்மா இறந்தபோது அவன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான், செருப்பைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்தான். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே பேசினார்கள். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். "ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதே இல்ல. இவன்கூட இருந்தா அப்பாவுக்குப் பேச்சே மறந்துடும்" என்றாள். அப்பாதான் என்ன காரணமோ, "இப்ப வேணாம்மா" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்த 'இப்ப வேணாம்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் உயிரோடு இருந்தான். அவரும் போய்விட்டால் சாப்பிட்டாயா என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை. 'போகாதீங்கப்பா' என்று வாய்விட்டுச் சொல்லத்தான் அந்த மகராசனுக்கு வரவில்லை.

முன்பெல்லாம் அவன் மேசை கதவைப் பார்த்தபடி இருந்தது. வேலைக்கு நடுவில் நிமிர்ந்தால் கையில் டீயோடு அம்மா நிற்பாள். அவள் போன பிறகு நிமிரவே பயமாக இருந்தது. மேசையை இழுத்து, கதவுக்கு முதுகு காட்டி, அறையின் நடுவில் போட்டுக்கொண்டான். நட்டநடுவில் உட்கார்ந்தால் பேஸ் காதுக்கு வராது; சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் அங்கே தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு செத்துப்போகும். இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். அவனுக்குத் தெரியாதா? தெரியும். புத்தி எங்கே போயிருந்ததோ! அடி மெலிந்து கேட்டது, கூட்டினான். மறுபடியும் மெலிந்தே கேட்டது, அடியில் இன்னொரு அடுக்கு போட்டான்.

அன்று மதியம், வேலை கொடுத்தவன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "என்னண்ணே இது? போட்ட உடனே ஸ்பீக்கர் கதறுது. பேஸைக் கொறைங்க, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

"காதுல பஞ்சா வச்சிருக்கான்?" என்று திட்டிக்கொண்டே எழுந்தான். சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் போய் நின்று கேட்பது இந்தத் தொழில்காரர்கள் வழக்கம். பக்கத்து அறை அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறை. அவள் போனதிலிருந்து அதற்குள் அவன் காலெடுத்து வைக்கவில்லை. இப்போது வேறு வழியில்லை. கிக்கை நிதானமாக, திரும்பத் திரும்ப விழும்படி ஓடவிட்டுவிட்டுப் போனான்.

வாசலிலேயே நின்றுவிட்டான். அடி பூதம் போல வந்தது. கட்டில் சட்டம் அதிர்ந்தது, மாத்திரை டப்பா குலுங்கியது. தன் வேலையின் லட்சணத்தை அவன் அப்போதுதான் கேட்டான்.

அம்மா படுக்கும் பக்கத்தில் அப்பா, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை ஒட்டி, முதுகு காட்டிப் படுத்திருந்தார். காது மெஷின் ஜன்னலோரம் கிடந்தது. அது இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். ஒவ்வோர் அடி விழுந்ததும் அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார்.

"போதும்டா" என்று சுவரிடம் முணுமுணுத்தார். "கை என்னத்துக்கு ஆகும்? உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். தெனமும் செவுத்துல அடிச்சு அடிச்சு அழறான்மா, அவன விட்டுட்டு நான் எப்படி வருவேன்னு. நான் எங்கயும் போகலடா."

அவன் போய் அவர் தோளைத் தொட்டான். அப்பா திரும்பினார். அவனைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததே, அதை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். எழுந்து உட்கார்ந்து அவன் இரண்டு கைகளையும் வாங்கி விரல் முட்டிகளைப் புரட்டிப் பார்த்தார். வீக்கமில்லை, சிராய்ப்பில்லை.

கட்டில் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது.

அப்பா சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார்.

"நீ இங்க இருக்கியே. அங்க அடிக்கிறது யாரு?"

ஒரு பொய் போதும். எந்தப் பொய்யானாலும் போதும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு உண்மைதான் வந்தது, அதுவும் பாதி.

"வேலைப்பா. எனக்கு பேஸ் கொறச்சலா கேட்டுச்சு. அதான் ஏத்திக்கிட்டே இருந்தேன்."

மேசையை ஏன் நகர்த்தினான் என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. வெளியே வரவில்லை.

"ஓகோ" என்றார் அப்பா. அவன் கைகளை மெல்ல விட்டார். இன்னும் இரண்டு அடி விழும்வரை கேட்டார். "நல்லா பலமாத்தான்டா இருக்கு."

பிறகு போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

"அக்காவுக்கு ஒரு போன் போட்டுடு. நாளைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"அப்பா..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவர் மெஷினைக் கழற்றிவிட்டார்.